அண்ணன் என்று சொல்லாதீர்கள்: மறதி நோய் வந்த வீட்டில் இரண்டு ஆண்கள்

முப்பது நாற்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்க்கைத் துணைகளாக வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவருக்கு மறதி நோய் என்று சந்தேகம் வந்ததும், மற்றவர் முதலில் தடுமாறும் இடம் கிளினிக் வாசல். கொப்பி எழுதுகிறவர் தலை நிமிராமலே கேட்பார்: "நீங்க இவருக்கு என்ன முறை?" இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எங்கே என்றாலும் பதற்றத்தில் வாயில் வருவது "அண்ணன்" அல்லது "தம்பி"தான். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

நம் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். இரண்டு அடையாள அட்டைகளையும் பக்கத்தில் வைத்தால் முதலெழுத்தே பொருந்தாது. "பெரியம்மா மகன்" என்று சமாளித்தாலும் அது கொப்பியில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து நிஜமான தம்பி புசல்லாவையிலிருந்து வந்து நிற்கும்போது நீங்கள் பொய் சொன்ன ஆளாகிவிடுவீர்கள். அதன்பிறகு எந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் சொன்னாலும் எடுபடாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. யாருக்கு என்ன தெரியும், யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறோம் என்பதையெல்லாம் மனதில் பிரித்து வைத்திருப்பது மூளைக்குக் கடினமான வேலை. மறதி நோயில் அது சீக்கிரமே தளர்ந்துவிடும். இனி அவரால் ஒரு பொய்யைக் காப்பாற்ற முடியாது. ஆகவே அவரைச் சுற்றிப் பொய்யைக் கட்டக்கூடாது.

இருவரும் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தீர்மானியுங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும். "நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம், இவர நான்தான் பாத்துக்கிறேன்." நர்ஸுக்கும் கிராம சேவகருக்கும் பக்கத்து வீட்டுக்கும் இதே வாக்கியம்தான். அவர் வாய் தவறி என்ன சொன்னாலும் இதற்கு முரணாகாது. இதற்குமேல் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் சிகிச்சை தரும் மனநல வைத்திய அதிகாரியிடமோ நரம்பியல் டொக்டரிடமோ, தனியாக, முழு உண்மையையும் சொல்லிவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. தைரொய்ட் குறைவு, விட்டமின் பி12 குறைவு (மெட்ஃபோர்மின் பல வருடம் குடித்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்), இரத்தத்தில் சோடியம் இறங்குவது, மன அழுத்தம், விழுந்து பல வாரம் கழித்து மண்டைக்குள் தேங்கும் இரத்தம் எல்லாமே மறதியாகத் தெரியும், எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. சிபிலிஸ் மூளையைத் தொட்டாலும், எச்ஐவி மருந்தில்லாமல் நீடித்தாலும் அப்படித்தான். எழுபது வயதுக்காரரிடம் டொக்டர் இவற்றைக் கேட்கமாட்டார். கேட்டாலும் "கல்யாணம் ஆகல" என்ற பதிலோடு கடந்துவிடுவார். நீங்களாகவே கேளுங்கள்: டிஎஸ்எச் (தைரொய்டுக்கு), பி12, சோடியம், சர்க்கரை, முழு இரத்தப் பரிசோதனை, விடிஆர்எல் (சிபிலிஸுக்கு), எச்ஐவி, தலைக்கு சிடி ஸ்கேன். விடிஆர்எல்லும் எச்ஐவியும் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குகளில் இலவசம், இரகசியம் காப்பார்கள். இதில் குற்றம் தேட ஒன்றுமில்லை. குணமாகக்கூடியது ஒன்று இருந்தால் அதைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனபசிலை வழக்கமாக இரவில் 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். நோயைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும். குமட்டல், வயிற்றோட்டம், நாடி மெதுவாவது ஆகியவற்றைக் கவனியுங்கள். கெட்ட கனவு வந்தால் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். கடையில் தும்மலுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரையை வீட்டிலேயே வைக்காதீர்கள்; அது மறதியைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும். நமது குளிருக்கும் சளிக்கும் அது எல்லார் வீட்டிலும் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

இனி கடதாசி. அவசரப்பட வேண்டிய இடம் இதுதான்.

நோய்க்குப் பெயர் வைத்த அன்றே கையெழுத்துப் போடும் தகுதி போய்விடாது. தன்னிடம் என்ன இருக்கிறது, அதை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார், இந்தக் கையெழுத்தால் யாருக்கு என்ன போகிறது என்பது அவருக்கு விளங்கினால் அவர் எழுதலாம். அந்த விளக்கம் சில மாதங்களில் போகலாம், இரண்டு வருடம் நிற்கலாம். எவ்வளவு காலம் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். ஆகவே முதல் கிளினிக் முடிந்த கையோடு சட்டத்தரணியைப் பாருங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் நீதிமன்ற நகரங்கள் பலவற்றில் இருக்கின்றன.

முதலாவது மரண சாசனம் (உயில்). நம் சட்டத்தில் நீங்கள் அவருக்கு யாருமில்லை. அவர் எழுதாமல் இறந்தால் மனைவி இருந்தால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. அவர்களும் இல்லையென்றால் பெற்றோர், சகோதரர் என்று போகும். அந்தத் தலைமுறையில் வீட்டாரின் வற்புறுத்தலுக்குக் கல்யாணம் கட்டி, பிறகு பிரிந்து, விவாகரத்து மட்டும் எடுக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். இருபத்தைந்து வருடம் கண்ணில் காணாவிட்டாலும் பதிவில் அவர்தான் மனைவி. ஆனால் 1844ஆம் ஆண்டு மரண சாசனச் சட்டப்படி வயது வந்த ஒருவர் தன் சொத்தைத் தான் விரும்பிய எவருக்கும் எழுதலாம், உறவாக இருக்க வேண்டியதில்லை. பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னால் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். நீங்கள் சாட்சியாக நிற்காதீர்கள். கையெழுத்திடும் நேரத்தில் அறைக்குள்கூட இருக்காதீர்கள். அதே கிழமையில் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்ன திகதியில் பார்த்தேன், தன் சொத்தையும் தன் விருப்பத்தையும் விளங்கிப் பேசுகிறார் என்று. பின்னால் "மூள கொழம்புன ஆள வச்சு எழுதி வாங்கிட்டான்" என்று வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு பக்கம்தான்.

இரண்டாவது, அற்றோர்னித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாகச் செயல்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம். எல்லாரும் இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார்கள். நாட்டில் இப்போதுள்ள சாதாரண அற்றோர்னித் தத்துவம், கொடுத்தவரின் புத்தி தெளிவு போகும்போது தானும் செல்லாமல் போகும். சரியாகத் தேவைப்படும் நேரத்தில் கையை விட்டுவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த்தான் சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கக் கேட்க வேண்டும், அங்கே இரத்த உறவு எழுந்து நின்றால் உங்கள் பக்கம் பலவீனம். ஆகவே ஆரம்ப மாதங்களின் வேலைகளுக்கு மட்டும் அதை நம்புங்கள். நீண்ட காலத்துக்கு வேறு வழி செய்யுங்கள். வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும், "இருவரில் எவராவது அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் மாற்றுங்கள். அவர் தனிப்பெயரில் வைத்திருக்கும் நிலையான வைப்புக்குப் பின்னுரித்தாளியாக உங்கள் பெயரைப் போடலாம். வீட்டுக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) அவர் பெயரில் இருந்தால், மரண சாசனத்தை மட்டும் நம்பாமல், உயிரோடிருக்கும்வரை நீங்கள் அங்கே குடியிருக்கும் உரித்தை உறுதியிலேயே எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். நன்கொடை உறுதியானால் பெறுகிறவர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். அது விடுபட்டுப்போய் உறுதியே ஆட்டம் காண்பதுண்டு.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயக்காம்பராவிலோ தோட்டக் குவாட்டர்ஸிலோ இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பின்னும் லயம் தோட்டத்தின் நிலத்தில்தான் நிற்கிறது. உறுதி இல்லாத காம்பராவை யாரும் யாருக்கும் எழுதி வைக்க முடியாது. அங்கே உங்களுக்குப் பலம் வாக்காளர் இடாப்பு. வருடா வருடம் கிராம சேவகர் இடாப்புப் புதுப்பிக்கும்போது இருவர் பெயரும் ஒரே இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருட இடாப்புப் பிரதி, மின்சார பில், கடிதம் வந்த உறைகள், எல்லாம் சேர்ந்து நீங்கள் வந்து ஒட்டிக்கொண்ட ஆள் இல்லை என்பதைக் காட்டும்.

மூன்றாவது, ஒரு சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் முன்னால் அவர் சொல்லி எழுத வேண்டும்: என் நோய் பற்றிய விபரங்களை இன்னாரிடம் சொல்லலாம், என் சிகிச்சை பற்றி அவரிடம் கேட்க வேண்டும், என்னோடு அவர்தான் இருக்க வேண்டும். டொக்டரைக் கட்டாயப்படுத்தும் சட்டபலம் இதற்கு இருப்பதாக நினைக்காதீர்கள். ஆனால் மௌனமாகிவிட்ட ஒரு நோயாளியின் சொந்தக் குரல் கையில் இருந்தால் நல்ல டொக்டர் அதை மதிப்பார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் டொக்டரையே எழுதச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்கள் வீட்டில் வேண்டாம். அவரே ஒளித்து வைத்துவிட்டு, நீங்கள் திருடிவிட்டதாகச் சொல்லுவார். இந்த நோயில் இது மிகச் சாதாரணம்.

சட்டப் பயத்தையும் பேசிவிடுவோம். ஒருபால் உடலுறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்தார்கள். அவற்றை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அது சட்டமாகவில்லை. இந்தப் பிரிவுகள் செயலைத்தான் பேசுகின்றன. இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் குடியிருப்பதும், ஒருவர் மற்றவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவதும், பெயர் எழுதி வைப்பதும் குற்றமே இல்லை. "பொலிசுக்குப் போவேன்" என்று வீட்டுக்காக மிரட்டும் உறவினருக்குப் பயந்து எதிலும் கையெழுத்திடாதீர்கள். மிரட்டியது எப்போது, யார் முன்னால் என்று எழுதி வையுங்கள், சட்டத்தரணியிடம் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. தன்பாலீர்ப்பாளர்களுக்காக 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் கொழும்பில் இருக்கிறது.

நோய் நடுக்கட்டத்துக்கு வந்ததும் வீட்டுக்குள் வருவது வேறு விதமான கஷ்டம். நாற்பது வருடம் வெளியில் கையைக்கூடத் தொடாதவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால் உங்களைச் செல்லப் பெயரில் கூப்பிடுவார், பஸ்ஸில் தோளில் சாய்வார். மூளையின் முன்பகுதி தளரும்போது கூச்சம் போவது இந்த நோயின் இயல்பு. கண்டித்தால் என்ன தப்புச் செய்தோம் என்று விளங்காமல் அழுவார். கையைத் தட்டிவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வயதானவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தால், முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இவர் என்னென்னமோ பேசுவாரு, கேட்டது இந்த வாசலத் தாண்டக்கூடாது." அதைக் கேட்டு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சரியான ஆளா என்பது அங்கேயே தெரியும்.

இதன் மறுபக்கம் இன்னும் வலிக்கும். ஒரு இரவு விழித்துப் பார்த்துவிட்டு, "யாருய்யா நீ, ஏன் என் கட்டில்ல படுத்திருக்க?" என்பார். சிலருக்கு இளவயதுப் பயம் திரும்பி வரும்: யாரோ பார்த்துவிட்டார்கள், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, ஓடு என்பார். "நான்தானே, முப்பது வருஷமா இருக்கேனே" என்று வாதாடுவதால் பயம்தான் கூடும். செய்ய வேண்டியது இது. எழுந்து கதவு வரைக்கும் பின்வாங்கிப் போங்கள். விளக்கைப் போடுங்கள். வெளியே போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அவர் உங்களுக்கு வைத்த பெயரையோ, வேலை முடிந்து வரும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் சத்தத்தையோ வெளியில் இருந்தே கொடுத்துவிட்டு, மெதுவாக உள்ளே வாருங்கள். முகம் மறந்த பின்னும் பழகிய குரல் சிலருக்குக் கொஞ்ச காலம் நிற்கலாம். வழக்கமாகப் பூசும் சித்தாலேப மணத்தோடு ஒரு கை தோளில் பட்டதும் அடங்குகிறவர்கள் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் அன்றிரவு வேறு கட்டிலில் படுங்கள்.

அவர் உங்களை அடையாளம் காணாத நேரத்தில் உடலுறவு கூடாது. அவரே அணுகினாலும், யாரென்று நினைத்து அணுகுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தொடுவதை நிறுத்திவிடாதீர்கள். காலுக்கு எண்ணெய் தேய்ப்பது, தலை வாருவது, சவரம் செய்துவிடுவது, போர்வைக்குள் கையைப் பிடித்திருப்பது எல்லாம் கடைசிவரை வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்தவருக்கு விடியற்காலைதான் மோசமான நேரம். நாலரைக்கு எழுந்து, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைத் தேடுவார். "ரிட்டயராகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்றால் கோபம் வரும், தள்ளிவிட்டுப் போவார். "எந்த நம்பர் மல இன்னிக்கு? கவ்வாத்தா, கொழுந்தா?" என்று கேளுங்கள். சாயத்தண்ணியைக் கையில் கொடுங்கள். மலையைப் பற்றி அவர் பேசட்டும். குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் பிரட்டு மறந்துபோகும். மறக்காவிட்டால் அவரோடு லயத்துக் கோடி வரை நடந்து திரும்புங்கள். கதவுக்குக் கொளுக்கியைக் கண்மட்டத்தில் வைக்காமல், அவர் தேடாத உயரத்தில் அல்லது அடியில் போடுங்கள். ஆனால் நீங்கள் வெளியே போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டக்கூடாது. அடுப்பு இருக்கும் வீடு.

காணாமல் போனால் ஒரு நாள் பொறுக்க வேண்டியதில்லை, உடனே 119க்கு அழையுங்கள். தேடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பாதையில் மட்டும் போனால் போதாது. இந்த நோய்க்காரர்கள் பதில் குரல் கொடுப்பது அரிது. நேராக நடந்துகொண்டே போய், எதிலாவது சிக்கிய இடத்தில் நின்றுவிடுவார்கள். தேயிலை நிரைகளுக்குள்ளும் கான்களிலும் இறங்கிப் பார்க்க வேண்டும், பழைய வேலைத்தலத்தையும் பார்க்க வேண்டும். குளிரில் அதிக நேரமில்லை. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும்.

குளிருக்குக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைப்பது நம் பழக்கம். அதை நிறுத்துங்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலி, மயக்கம் வந்தாலும் அவரால் சொல்லத் தெரியாது. சுடுதண்ணிப் போத்தலையும் துணி சுற்றாமல் காலடியில் வைக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிவிடும் இடங்களில், இந்த நோயில் சாயங்காலம் கூடும் குழப்பமும் மூன்று மணிக்கே தொடங்கலாம். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, நிமோனியா ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 அம்பியூலன்ஸ் இலவசம்.

வார்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆண்கள் வார்டில் இரவு துணைக்குப் பொதுவாக ஆண்களைத்தான் விடுவார்கள். மனைவியைக்கூட வெளியே அனுப்பும் இடத்தில் உங்களுக்குப் பாஸ் கிடைக்கும். சேர்ந்து வாழும் பெண்களுக்கும் பெண்கள் வார்டில் இதே நிலைதான். முன்பு சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகப் பேசியவராக இருந்தாலும், பிற்பாடு கற்ற மொழி முதலில் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சலாம். அவர் பதில் சொல்லாதது பிடிவாதம் அல்ல என்று வார்டில் சொல்லி வையுங்கள். வலி, தண்ணி, கக்கூஸ் ஆகிய மூன்றுக்கும் அவர் என்ன சொல்லுவார், என்ன சைகை காட்டுவார் என்று சிங்கள எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். இரவில் அவர் கத்தினால் அமைதியாக்க ஊசி போடுவார்கள். கை நடுங்குகிறவராகவும், அங்கே இல்லாத ஆட்களைக் காண்கிறவராகவும் இருந்தால் அந்த ஊசிகளில் ஒன்றான ஹலோபெரிடோல் ஆபத்தாகலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தையும் இப்போதே பாருங்கள். பெரும்பாலான சங்கங்கள் பெற்றோர், மனைவி, பிள்ளைகளைத்தான் ஒரு அங்கத்தவரின் கீழ் சேர்க்கும். ஆகவே இருவரும் தனித்தனி அங்கத்தவராகச் சேர்ந்து, சந்தாவைத் தனித்தனியாகக் கட்டுங்கள். யார் கொள்ளி வைப்பது, புதைப்பதா எரிப்பதா என்று அவர் வாயாலேயே, நம்பிக்கையான ஒரு உறவினர் முன்னால் சொல்ல வையுங்கள். அந்த உறவினர் அக்கா மகளோ, தம்பி மருமகளோ, யாராகவும் இருக்கட்டும். ஒரே ஒருவருக்காவது முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் வயது எழுபதாகியிருக்கும். நாளைக்கு நீங்கள் விழுந்தால் யார் வருவார்? மாத்திரை எப்போது, சோற்றை எப்படிப் பிசைவது, அவர் பயந்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்த ஆளிடம் இருக்கட்டும். இன்னொரு பிரதியை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.